வரையாடு நிக்கலீங்க
போன வாரம் வால்பாறைக்கு ஏறறப்ப ஒம்பதாவது கொண்டை ஊசி வளைவுல வரையாடு ஒண்ணு நின்னுச்சுங்க, நான் கேமராவுல இருந்த 18-55 எம்எம் சின்ன லென்ஸை கழட்டிட்டு பெரிய லென்ஸை மாட்டி நிமிர்றதுக்குள்ள பாறைக்கு அக்கட்டால போயிருச்சு, லென்ஸ் மூடிய வேற எங்கயோ உட்டுட்டேன். போதுஞ்சாமி, இனி டூருக்கு கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேத்து 18-300 லென்ஸ் ஒண்ணுதான்னு முடிவு பண்ணீட்டேன்.

வாங்கறவிங்க ஸ்டெபிலைசேஷன், அதாவது படம் ஆடாம புடிக்கற வசதி, இருக்கான்னு பாத்துக்கங்க, கேனான்ல ஐஎஸ், நிக்கான்ல விஆர், டாம்ரான்ல விசின்னு போட்டிருக்கும். ஆனா அது நம்ம கை நடுக்கத்துக்குத்தான், சிங்கவால் குரங்கு தாவுனா ஷட்டர் ஸ்பீடத்தான் ஏத்தோணும். 300 எம்எம்ல எஃப் 6.3தான், வெளிச்சம் கம்மியாத்தான் உள்ள வரும், அதனால சாயங்காலம் சோலைக்குள்ள ஐஎஸ்ஓவ (படத்த வெளிச்சமாக்கற செட்டிங்) ஏத்தி, படமெல்லாம் ரவை கொட்டுனாப்ல இருக்கும். பரவால்ல, ஆடாவது கெடைக்கும்.

அந்த மூடி யாருக்காச்சும் கெடச்சா சொல்லுங்க 😄