புகையில்லாத அடுப்படி

அம்மன் கோயில் வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த அத்தை, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அடுப்பை ஊதினார். ஈர விறகு. ஒரே புகை.

உள்ளே இருப்பவள் பெண் தெய்வம். பூசை செய்பவர், கணக்குப் பார்ப்பவர், முதல் மரியாதை வாங்குபவர் எல்லாரும் ஆண்கள்.

எழுத்தாளர் பேகம் ரொக்கேயாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அவருடைய 'சுல்தானாவின் கனவு' என்ற கதை 1905-இல் முதலில் அச்சானது, நம் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். பர்தாவுக்குள் வளர்ந்த வங்காள முஸ்லிம் பெண் கண்ட பெண்கள் நாடு அது. ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் ஆராய்ச்சிக்கூடத்தில். சமையலறையில் கரியும் கிடையாது, புகையும் கிடையாது. எல்லாம் சூரிய வெப்பம்.

உங்கள் மதம் எது என்று கேட்கிறாள், கனவில் அந்த நாட்டுக்குப் போன சுல்தானா. அன்பும் உண்மையும் என்று பதில் வருகிறது. பொய் சொன்னவரைக்கூடக் கொல்வதில்லை, நாட்டைவிட்டுப் போகச் சொல்கிறார்கள். மனதார வருந்தினால் மன்னிப்பும் உண்டு.

ஆண்களை அடைத்துவைப்பது மட்டும் நியாயமா என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கோபம் வரட்டும் என்றுதான் அப்படி எழுதினார் என்று நினைக்கிறேன். பெண்ணை அடைத்துவைத்தபோது யாருக்கும் வராத கோபம் அது.

ரொக்கேயா கடைசிவரை இறைநம்பிக்கையோடுதான் இருந்தார். மதத்தின் பெயரால் பெண்ணுக்குப் போட்ட பூட்டைத்தான் எதிர்த்தார். அப்புறம் 1911-இல் கல்கத்தாவில் 8 மாணவிகளோடு பள்ளி தொடங்கினார். பிள்ளைகளை அனுப்பச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கேட்டார்.