புது ஸ்லைடு கேட்பவர்களுக்கு, பம்ப் ரூமிலிருந்து

சீசன் தொடங்குவதற்கு முன்னால் எந்தத் தீம் பார்க்கிலும் ஒரு மீட்டிங் நடக்கும். பொங்கல் கூட்டம் வடிந்து, பள்ளிக்கூட டூர் பஸ்கள் வந்துகொண்டிருக்கும் சமயம். மார்க்கெட்டிங் ஆட்களின் முதல் கேள்வி, "இந்த வருஷம் தண்ணியில புதுசா என்ன சார்?" ராட்டினமோ ரோலர் கோஸ்டரோ புதிதாக வேண்டுமென்று யாரும் அப்படித் துடிப்பதில்லை. ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பூங்காவில் பராமரிப்புப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். என் பக்கம் கேள்வி திரும்பும்போது அது "முடியுமா?" என்று வராது, "எப்போ முடியும்?" என்றுதான் வரும்.

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏப்ரல், மே வெயிலில் இரும்பு ராட்டினத்தின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சனங்கள் ஏன் தண்ணீரைத் தேடி ஓடுகிறார்கள் என்று. குற்றாலத்தில் சாரல் விழுந்த செய்தி கேட்டாலே வேன் பிடிக்கிற ஊர் இது. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் என்றதும் நினைவுக்கு வருவது அலைக்குளம்தான். கொச்சியில் 2000-ல் வீகாலேண்டாகத் தொடங்கி, 2005-ல் பெங்களூர், 2016-ல் ஹைதராபாத் என்று வளர்ந்த வொண்டர்லாவிலும், மத்தியானத்துக்கு மேல் கூட்டம் தண்ணீர்ப் பக்கம்தான் சாய்கிறது. அதனால் தண்ணீர் விளையாட்டு வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னும் வேண்டுமா, எது வேண்டும் என்பதில்தான் வழக்கு.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர்ச் செலவைப் பற்றி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறிச் சென்னைக்கு வந்தது. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற அக்கம்பக்கத்துக்காரர்கள் என்னிடமே கேட்டார்கள்: "குடிக்கவே இல்ல, உங்களுக்குக் கும்மாளம் போடத் தண்ணியா தம்பி?"

நியாயமான கேள்வி. ஆனால் தண்ணீர் வீணாகிற இடம் அவர்கள் நினைக்கிற இடமல்ல. ஸ்லைடில் ஓடுகிற தண்ணீர் எங்கும் ஓடிப்போய்விடுவதில்லை. கீழே குளத்தில் விழும், பம்ப் அதையே மறுபடி மேலே ஏற்றும். இன்னொரு பக்கம் ஃபில்டர் பம்ப் அதை மணல் வழியாக வடித்து, குளோரின் ஏற்றித் திருப்பி விடும். குறைவது வேறு வழிகளில். 1,000 சதுர மீட்டர் அலைக்குளத்தில் கோடை நாளில் 7 மில்லிமீட்டர் ஆவியானால் 7,000 லிட்டர் போச்சு. ஜனங்கள் நனைந்த உடையோடு ஏறி நடக்கும்போது வழிந்து போவது ஒரு கணக்கு. எல்லாவற்றையும்விடப் பெரியது பேக்வாஷ். மணலில் சேர்ந்த அழுக்கை நீக்கத் தண்ணீரைத் தலைகீழாகச் செலுத்திச் சாக்கடைக்கு விடுவோம். 2 மீட்டர் விட்டமுள்ள ஒரு ஃபில்டரை ஐந்து நிமிஷம் அலசினால் ஏறக்குறைய 10,000 லிட்டர், அதாவது ஒரு தண்ணி லாரி. அந்த மாதிரி ஃபில்டர்கள் வரிசையாக நிற்கும்.

ஃபில்டரை எத்தனை தடவை அலசுவது என்பதைத் தீர்மானிப்பது ஸ்லைடுகளின் எண்ணிக்கை அல்ல, உள்ளே இறங்குகிற ஆட்களின் எண்ணிக்கை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஹேர் ஸ்ட்ரெய்னரைத் திறந்தால் தெரியும். பம்புக்கு முன்னால் இருக்கும் ஓட்டைக் கூடை அது. பந்துபந்தாக முடி, ஸ்டிக்கர் பொட்டு, ஹேர்பின், ரப்பர் பேண்ட், பிளாஸ்திரி, அறுந்த அரைஞாண் கயிறு, எப்போதாவது ஒற்றைக் கம்மல். கம்மலைக் கவரில் போட்டுத் தேதி எழுதிக் கவுண்டரில் கொடுத்துவிடுவோம். கூடை முழுக்க வழவழவென்று இருக்கும், எல்லாம் தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்து, பின்னி, பூ வைத்து, டூருக்கு அனுப்புகிறார்கள் அம்மாக்கள். எண்ணெய் மணலில் படிந்தால் மணல் கட்டி தட்டிப்போகும். உள்ளே போகும் முன் குளித்துவிட்டுப் போங்கள் என்று போர்டு வைத்திருக்கிறோம், ஷவரும் வைத்திருக்கிறோம். அதைத் தாண்டிப் பிள்ளைகள் ஓடுகிற வேகத்தைப் பார்க்கணும்!

ஒரு சங்கதி சொல்லிவிடுகிறேன். குளத்துப் பக்கம் வரும்போது மூக்கில் ஏறுகிறதே ஒரு நெடி, அதைக் "குளோரின் ஜாஸ்தி போட்டுட்டான்" என்று திட்டுவார்கள். பெரும்பாலும் நேர் எதிர். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற குளோரமைனின் நெடி அது. குளோரின் போதாமல் திணறுகிறது என்று அர்த்தம். நல்ல பராமரிப்பில் இருக்கும் குளம் அவ்வளவாக நாறாது.

சரி, ஸ்லைடுக்கு வருவோம். டியூப் இல்லாமல் உடம்பாலேயே சறுக்குகிற ஒரு பாடி ஸ்லைடுக்கு நிமிஷத்துக்கு 4,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 15 மீட்டர் ஏற்ற, எல்லா இழப்பும் சேர்த்து 20 ஹெச்.பி. மோட்டார் ஒன்று வேண்டும். எட்டு மணி நேரம் ஓடினால் நூறு யூனிட்டுக்கு மேல். ஸ்லைடில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஓடியே ஆகவேண்டும். மழை தூறுகிற செவ்வாய்க்கிழமை நாற்பது பேர் வந்தாலும் அதே பில்தான். எங்களிடம் ஒரு மூத்த பம்ப் ஆபரேட்டர் இருந்தார். ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். "சார், இது இந்த சீசன் தாங்காது" என்றால் தாங்காது. "எப்படிண்ணே சொல்றீங்க?" என்று கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான். புது ஸ்லைடுக்குப் பணம் ஒரு மீட்டிங்கில் ஒதுக்கப்படும். ஒன்று பழுதானால் மாற்றாக ஓட்ட அவர் கேட்ட ஸ்டாண்ட்பை பம்ப் மூன்று மீட்டிங்குக்கு அப்பால் தள்ளிப்போகும்.

பம்ப் நின்றால் என்ன, ஸ்லைடைக் கொஞ்ச நேரம் மூடினால் போச்சு என்று நினைப்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவைச் சொல்வேன். கோல்டு கோஸ்டில் ட்ரீம்வேர்ல்டு பூங்கா. தண்டர் ரிவர் ராப்பிட்ஸ் என்று, வட்டப் படகில் உட்கார்ந்து ஆற்றில் போகிற மாதிரி ஒரு ரைடு, 1986-லிருந்து ஓடியது. பயமுறுத்துகிற ரகமே இல்லை, குடும்பத்தோடு போவது. 2016 அக்டோபர் 25 அன்று அதன் இரண்டு பெரிய பம்புகளில் ஒன்று ஏற்கெனவே இருமுறை நின்று, மறுபடி ஓட்டப்பட்டிருந்தது. மூன்றாம் முறை நின்றபோது நீர்மட்டம் சட்டென்று இறங்கி, முன்னால் போன காலிப் படகு தண்டவாளத்தில் தரைதட்டியது. பின்னால் ஆட்களோடு வந்த படகு அதில் மோதிக் கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். நீர்மட்டம் இறங்கினால் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்தும் ஏற்பாடு அங்கே இல்லை என்பது விசாரணையில் வெளியே வந்தது. நிறுவனத்துக்கு 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். எங்கள் பம்ப் ரூம் பையன்களுக்கு இந்தக் கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. பம்ப் தானாக நின்றுபோனால் ஏனென்று பார்க்காமல் மறுபடி ஓட்டிவிட்டு, "டிரிப் ஆச்சு, ரீசெட் பண்ணிட்டேன் சார்" என்று சாதாரணமாகச் சொல்கிற பழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது.

உயரப் போட்டியில் இறங்கியவர்கள் கதை இன்னொன்று. அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியில் 2014-ல் 51 மீட்டர் உயரத்துக்கு ஒரு ஸ்லைடு கட்டினார்கள், உலகத்திலேயே உயரமானது என்று. 2016-ல் ஒரு சிறுவன் அதில் உயிரிழந்தான். 2018-ல் பிரித்துப் போட்டார்கள். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆபத்தை விடுங்கள், சும்மா கூட்டல் கணக்கே போடுவோம். ஸ்லைடின் உச்சியில் நிற்கிற லைஃப்கார்டு, முன்னால் போனவர் கீழே குளத்தை விட்டு நகர்ந்த பிறகுதான் அடுத்தவரை விட வேண்டும். ஓர் ஆளுக்கு 30 விநாடி. மணிக்கு 120 பேர். ஏழு மணி நேரத்துக்கு 840. ஞாயிற்றுக்கிழமை 4,000 பேர் வந்தால் ஐந்தில் ஒருவருக்குத்தான் ஒரே ஒரு தடவை. மற்றவர்கள் சுடுகிற படிக்கட்டில், ரப்பர் டியூபைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறார்கள். புது ஸ்லைடு வந்த வருஷம் கூட்டம் கூடும், அந்தக் கூட்டத்தால் வரிசை இன்னும் நீளும். கமெண்ட் புத்தகத்தில் "ஸ்லைடு சூப்பர், ஒரு மணி நேரம் நின்னோம்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். வரிசையில் நிற்கவா டிக்கெட் வாங்கினோம் என்று கேட்கிறவர் அடுத்த வருஷம் வரமாட்டார்.

கூட்டத்தை உண்மையில் தாங்குவது அலைக்குளமும், முழங்கால் ஆழத்துக் குளமும், ரெயின் டான்ஸும்தான். குளத்தோரம் நின்று பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், டிக்கெட் வாங்கியவர்களில் பெரிய பங்கு நனைவதே இல்லை. பாட்டி பை காவல். அத்தை கைக்குழந்தையோடு திண்ணை தேடி அலைவார். கல்யாணமாகி முதல் தடவை மாமியார் வீட்டோடு வந்த பெண், இறங்கலாமா வேண்டாமா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நைலான் உடைதான் போடணும் என்பது எங்கள் விதி. அதில் காரணம் இருக்கிறது. பருத்தி கனத்துப்போகும், துப்பட்டா ஸ்லைடில் கழுத்தைச் சுற்றும், ஜீன்ஸ் பட்டன் ஃபைபர் பரப்பைக் கீறிவிடும். ஆனால் அந்த வாடகை உடையைப் போட்டுக்கொண்டு நூறு ஆண்கள் நடுவில் நடக்க எத்தனை பெண்களுக்கு மனசு வரும்? உடை மாற்றும் அறையில் தரை சேறாக, கொக்கி உடைந்து, கதவை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு நின்றால், "நான் வரலை, நீங்க போங்க" என்பதுதான் பதில். முழு டிக்கெட் கொடுத்தவர் அவர். அவருக்கு நிழலும், காய்ந்த தரையும், பூட்டுகிற லாக்கரும், பெண்கள் மட்டும் இறங்கும் ஒரு குளமும் இருந்தால், ஸ்லைடு ஒன்றும் ஏறாமலே அவரும் விளையாடியிருப்பார்.

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது லைஃப்கார்டிடம். எங்களிடம் இருந்த நல்ல பையன்கள் பலர் கடற்கரைக் குப்பங்களிலிருந்து வந்தவர்கள். நீச்சல் அவர்களுக்கு நடை மாதிரி. ஆனால் கடலில் நீந்துவது வேறு, குளத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது வேறு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே பெரிய வேலை. சினிமாவில் வருகிற மாதிரி மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவதில்லை. சத்தமில்லாமல், நின்ற நிலையில், தலை பின்னால் சாய்ந்து இறங்கிவிடுவார். உங்கள் பகுதியைப் பத்து விநாடிக்குள் கண்ணால் அலசு, அடுத்த இருபது விநாடிக்குள் ஆளிடம் போய்ச் சேர் என்பது பயிற்சியில் சொல்லும் கணக்கு. அலைக்குளத்தில் அலை வரப்போகிறது என்று சைரன் ஊதியதும் சனம் மொத்தமும் ஆழமான பக்கம் ஓடும். தோளோடு தோள் ஒட்டி நிற்கும்போது தரை தெரியாது. அலை எழும்போது பாதித் தலைகள் மறையும். மேலே வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசும். அந்த நேரத்தில் ஒரு குடும்பம் வந்து, "அண்ணா, ஒரு போட்டோ எடுங்களேன்" என்று போனை நீட்டும். மறுத்தால் கம்ப்ளெயின்ட்.

ஒரு ஸ்லைடுக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர், மாற்றிவிட ஒருவர், வார விடுப்பைக் கணக்கிட்டால் நான்கு பேர். புது ஸ்லைடு திறந்த எந்த வருஷமும் புதிதாக நான்கு பேரை எடுத்ததாக எனக்கு நினைவில்லை. அலைக்குளத்திலிருந்து இரண்டு பேரை எடுத்து அங்கே நிறுத்துவார்கள். எனக்கு இருக்கிற ஒரே ஆட்சேபணை இதுதான். நிலம் இருக்கிறது, ஃபைனான்ஸ் கிடைக்கும், தண்ணீரைக்கூட எப்படியோ சமாளிக்கலாம். பயிற்சி பெற்ற ஒரு ஜோடிக் கண்களை மட்டும் ஏப்ரல் மாதம் கடையில் வாங்க முடியாது. சீசன் முடிந்ததும் காண்ட்ராக்ட் முடிகிறது. பையன்கள் ஃபுட் டெலிவரிக்கோ, படகுக்கோ போய்விடுகிறார்கள். அடுத்த மார்ச்சில் மறுபடி விசில் எப்படி ஊதுவது என்பதிலிருந்து ஆரம்பம்.

மழை மாதங்களில் முக்கால் சம்பளம் கொடுத்தாவது இவர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். அந்தச் சமயத்தில் குளங்களை வடித்து டைல்ஸ் பார்க்கவும், ஸ்லைடு ஜாயின்ட்களில் விரலை ஓட்டிக் கீறல் தேடவும், பாலிஷ் போடவும் ஆள் தேவைதானே. வெளியிலிருந்து ஆள் பிடித்துச் செய்கிற அதே வேலை. "சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சம்பளமா?" என்றார் மேனேஜர். இரண்டு வருஷம் கழித்து வேறு மேனேஜர் வந்து, எட்டுப் பேருக்கு மட்டும் சரி என்றார். அடுத்த மார்ச்சில் அந்த எட்டுப் பேர்தான் புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஸ்லைடு ஒன்று அந்த வருஷமும் வாங்கினார்கள், அது வேறு விஷயம். ஆனால் அதைத் திறந்த அன்றைக்கு அலைக்குளத்திலிருந்து யாரையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.