பாட்டு சிஸ்டத்தில் கை வைக்காமல் படம் பார்க்க

வீட்டில் படம் ஓடும்போதெல்லாம் மனைவி என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “என்னங்க, இப்ப அவன் என்ன சொன்னான்?” எனக்கும் தெரியாது. ரிமோட்டை எடுத்துப் பத்து வினாடி பின்னால் ஓட்டுவேன். கடைசியில் தமிழ்ப் படத்துக்கே சப்டைட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இத்தனைக்கும் வீட்டில் ஸ்பீக்கருக்குக் குறைச்சல் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு சிங்கப்பூர் கோல்மன் ஸ்திரீட்டில் ஆடியோ கடைகள் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்தில் சனிக்கிழமை தவறாமல் கடை கடையாக ஏறி இறங்கி, கேட்டுக் கேட்டு வாங்கிய ஒரு ஸ்டீரியோ ஆம்பும் (ஒலியைப் பெருக்கி இரண்டு ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) ஒரு ஜோடி ஸ்பீக்கரும் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பாட்டுக்கு அதை மிஞ்ச ஆளில்லை (என் காதுக்குச் சொல்கிறேன்). சரி, டிவியையும் அதிலேயே மாட்டிவிடலாம் என்று ஆப்டிகல் கேபிளை இழுத்தேன். முதலில் சத்தமே வரவில்லை. டிவி டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய வடிவில் அனுப்பிக்கொண்டிருக்கிறது, என் ஆம்புக்கோ பிசிஎம் என்ற சுருக்காத சாதாரண வடிவம் மட்டும்தான் புரியும். செட்டிங்கில் பிசிஎம் என்று மாற்றியதும் வந்தது. சண்டை, கார் துரத்தல், பின்னணி இசை எல்லாம் பிரமாதம். வசனம் மட்டும் பழைய கதைதான்.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. படங்களின் 5.1 ஒலியில் (முன்னால் இடம், நடு, வலம், பின்னால் இரண்டு, புள்ளி ஒன்று என்பது தாழ் அதிர்வுக்கு) வசனத்தில் பெரும்பகுதி நடு சேனலில் இருக்கிறது. நம்மிடம் இரண்டே ஸ்பீக்கர் என்றால் அந்த நடு சேனலை வழக்கமாக 3 டெசிபல் குறைத்து இடம் வலம் இரண்டிலும் கலந்துவிடுகிறார்கள், பின்பக்கச் சத்தமும் அதே இரண்டில் வந்து ஏறிக்கொள்கிறது, அந்தப் புள்ளி ஒன்று என்கிற தாழ் அதிர்வு சேனல் பெரும்பாலும் அப்படியே விடுபட்டுப் போகிறது. குழம்பில் கரைந்த உப்பு மாதிரி, கலந்த பிறகு குரலை மட்டும் தனியாகக் கூட்ட முடியாது. இன்னொன்று, இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் உட்கார்ந்தால்தான் குரல் திரையிலிருந்து வருவதுபோல் இருக்கும். பாட்டு கேட்பது நான் ஒருவன், அந்த இடம் எனக்கு. படம் பார்ப்பது நான்கு பேர். மனைவி உட்காருவது சோபா ஓரத்தில், அவருக்குக் குரல் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்துதான் வரும்.

கேட்டவர்கள் எல்லாம் சவுண்ட்பார் வாங்கு, இல்லையென்றால் ஆம்பை விற்றுவிட்டு ஏவி ரிசீவருக்கு (5.1 ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி) மாறு என்றார்கள். இரண்டுக்கும் மனசு வரவில்லை. என் ஆம்பின் பின்புறத்தில் ‘ஹோம் தியேட்டர் பைபாஸ்’ என்று ஒரு ஜோடி துளை இருந்தது, இத்தனை வருஷமும் தூசிதான் படிந்திருந்தது. அதில் வரும் ஒலி ஆம்பின் வால்யூம் குமிழைத் தாண்டி நேராகப் போகும். ஆம்பை விற்காமலே ரிசீவரையும் சேர்க்க அதுதான் வழி. ரிசீவரின் முன் இடம் வலம் பிரீ-அவுட்டை (ஒலி பெருக்கப்படாமல் வெளியே வரும் துளை) அந்தத் துளையில் மாட்டினால், படம் ஓடும்போது வால்யூமை ரிசீவர் பார்த்துக்கொள்ளும், என் ஆம்ப் வெறும் பவர் ஆம்பாக, அதாவது வந்ததைப் பெருக்குவதற்கு மட்டும், வேலை செய்யும். பாட்டு என்றால் ரிசீவரை அணைத்துவிடலாம், அது இருப்பதே தெரியாது. ஆனால் மலிவான ரிசீவர்கள் பலவற்றில் சப்ஊஃபருக்கு (தாழ் ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) மட்டும்தான் பிரீ-அவுட் இருக்கும், ஆகவே வாங்குமுன் பின்பக்கப் படத்தைப் பாருங்கள். நான் பழையது ஒன்றை 350 வெள்ளிக்கு வாங்கினேன், பிரீ-அவுட் இருந்தது, வேறு எதையும் பார்க்கவில்லை. ஆம்பில் பைபாஸ் இல்லாதவர்கள் சாதாரண இன்புட்டில் மாட்டி, வால்யூமை ஒரே இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தில் டேப் ஒட்டிக்கொள்ளலாம், அதற்குப் பிறகுதான் ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து ஸ்பீக்கர்களின் சத்த அளவைச் சரிசெய்ய வேண்டும். குமிழை நகர்த்தினால் அந்த அளவெல்லாம் வீண்.

பைபாஸில் வால்யூம் கிடையாது என்பதைத் தலையால் புரிந்துகொள்வது வேறு, காதால் புரிந்துகொள்வது வேறு. ஒரு ஞாயிறு காலை கேபிளையெல்லாம் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது சிடி பிளேயரைத் தெரியாமல் அந்தத் துளையில் செருகிவிட்டேன். முழுச் சத்தத்தில் நாதஸ்வரம். குமிழைத் திருகுகிறேன், குறையவில்லை, சுவரில் பிளக்கை அணைத்த பிறகுதான் நின்றது. டுவீட்டர் (ஸ்பீக்கரில் உச்ச ஒலிக்கான சின்ன பாகம்) எப்படிப் பிழைத்தது என்று இன்னும் தெரியவில்லை. மகள் மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நடு சேனலுக்கான சென்டர் ஸ்பீக்கரில் அவசரப்படாதீர்கள். என் ஸ்பீக்கர் வரிசையைக் கம்பெனி நிறுத்தி வருஷமாகிறது, அதே வரிசையின் சென்டரைப் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் தேடிப்பிடிக்க நான்கு மாதம் ஆனது. நடுவில் நண்பரிடம் வேறு கம்பெனிச் சென்டரை இரவல் வாங்கிப் பார்த்தேன். வசனம் தெளிவு, ஆனால் ஆள் பேசிக்கொண்டே திரையின் ஓரத்துக்கு நடந்தால் குரலே வேறு ஆளுடையது போல் மாறியது. அதே வரிசை கிடைத்ததும் அந்தத் தொல்லை போனது. ரிசீவரில் சென்டரை மட்டும் 2 டெசிபல் கூட்டினேன். சப்டைட்டில் தேவைப்படவில்லை. உண்மையில் செலவு இந்த இடத்தோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை, சப்ஊஃபரும் வந்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்கு அனுப்பினால் முன் ஸ்பீக்கர்களின் சுமை குறைகிறது, விடுபட்டுப் போன அந்தப் புள்ளி ஒன்றும் கிடைக்கிறது. பிரச்சினை கான்கிரீட் தளம். நமக்கு இதமாக இருப்பது கீழ் வீட்டில் உறுமலாகக் கேட்கும், கீழ் வீட்டு ஆன்ட்டி லிஃப்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டே “நேற்று ராத்திரி படம் நல்லா இருந்ததா?” என்று ஆங்கிலத்தில் கேட்டபோது எனக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போது அடியில் தடித்த ஃபோம் பலகை, இரவு பத்தானால் சப் ஆஃப், ரிசீவரில் நைட் மோட் ஆன். நைட் மோட் என்பது பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கும், பாட்டுக்குப் பாவம், நள்ளிரவுப் படத்துக்குப் பரவாயில்லை.

பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் வாங்கிய பெட்டியிலேயே பொம் ஷெல்டரில் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறை) கிடக்கின்றன. எங்கள் சோபா சுவரை ஒட்டிக் கிடக்கிறது, ஸ்பீக்கரைக் காதுக்குப் பக்கத்தில் வைத்தால் மழைச் சத்தம் காதுக்குள்ளேயே பெய்கிறது. சோபாவை மூன்றடி முன்னால் இழுக்கலாமா என்று ஒருமுறை மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பார்வைக்கு சப்டைட்டில் வேண்டியிருக்கவில்லை.