எந்த மொழியில் கேட்கிறோம் என்பதும் முக்கியம்

முதியவர் ஒருவரின் நினைவாற்றலைப் பரிசோதிக்கும் முன், அவர் எந்த மொழிகளோடு வாழ்ந்தவர் என்று கேட்டறிவது மருத்துவத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு வலுவான ஆதாரம் நம் பக்கத்திலிருந்தே, ஹைதராபாத்திலிருந்து, வந்திருக்கிறது.

நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழு 648 மறதிநோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசியவர்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட இவர்களுக்கு நோயின் அறிகுறிகள் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தன. டொரன்டோவில் எலன் பியாலிஸ்டாக் குழுவினர் 2007இலேயே ஏறத்தாழ இதே அளவு தாமதத்தைக் கண்டிருந்தனர். ஆனால் அங்கே இருமொழியாளர்களில் பெரும்பாலோர் குடியேறிகள் என்பதால், பலன் மொழியால் வந்ததா, புலம்பெயர்ந்தவர்களின் வேறு இயல்புகளால் வந்ததா என்ற ஐயம் எஞ்சியது. ஹைதராபாத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தக்கணி உருதுவும் பேசுவதற்கு யாரும் ஊர்விட்டு ஊர் போக வேண்டியதில்லை. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்தத் தாமதம் தெரிந்தது என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. படிப்பின் பலனை மொழியின் பலனாக எண்ணிவிட்டோம் என்று சொல்ல அங்கே இடமில்லை. இருப்பினும், இவை மருத்துவமனையை நாடி வந்தவர்களின் தரவுகள்; நலமாக இருப்பவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை. பல மொழி அறிந்தவருக்கு நோயே வராது என்றும் பொருளில்லை.

மறதிநோயின் அறிகுறி உண்டா என்று பார்க்க உலகெங்கும் பயன்படும் சுருக்கமான மனநிலைப் பரிசோதனை (MMSE) 1975இல் அமெரிக்காவில் உருவானது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும், ஒரு வாக்கியம் எழுதவும் அது சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத, ஆனால் வயல்கணக்கு முழுவதையும் மனத்தில் வைத்திருக்கும் ஒரு பாட்டி அதில் தோற்றால், அது யாருடைய குறை? ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக அதை இந்தியில் மாற்றியமைத்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். கழித்தல் கணக்கை இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்தார்கள். எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். வெறும் மொழிபெயர்ப்பாளரால் இதைச் செய்திருக்க முடியாது. அந்த மக்களின் அன்றாடத்தை அறிந்தவர்களால்தான் முடிந்தது.

பராமரிப்பில் இதன் விளைவு இன்னும் கூர்மையானது. கும்பகோணத்தில் பிறந்து, திருமணமாகிப் பெங்களூரு சென்ற என் பெரியம்மா அக்கம்பக்கத்தாரோடு சரளமாகக் கன்னடம் பேசியவர். நோய் முற்றியபோது கன்னடம் முதலில் நழுவியது. எல்லோருக்கும் இப்படி நிகழ்வதில்லை என்றாலும், பின்னர் கற்ற மொழி முன்னதாக விலகுவதைப் பல குடும்பங்கள் கண்டிருக்கின்றன. கன்னடமும் இந்தியும் மட்டுமே அறிந்த உதவியாளர் குளிப்பாட்ட வரும்போதெல்லாம் பெரியம்மா கையைத் தட்டிவிடுவார். “முரண்டு பிடிக்கிறார்” என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. என் அம்மா போய், “அக்கா, வெந்நீர் விளாவியாச்சு, வா” என்றதும் எழுந்து நடந்தார். குறிப்பேட்டில் இருந்தது நோயின் அறிகுறி அன்று, புரியாத ஒருவர் தன் உடலைத் தொடுவதைக் கண்ட அச்சம். இதற்குத் தூக்க மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே வேதனையாக இருக்கிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது. வெளிமாநிலங்களிலிருந்து வரும் உதவியாளர்களை நம்பியே நம் நகரங்களில் பல வீடுகள் இயங்குகின்றன. அவர்களைக் குறை சொல்வது நியாயமன்று. பசி, வலி, தண்ணீர், கழிப்பறை, பயம் ஆகியவற்றை அந்த முதியவர் சிறுவயதில் எப்படிச் சொன்னாரோ அப்படியே உதவியாளருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அவரை எந்த உறவுப்பெயரால் அழைத்தால் திரும்பிப் பார்ப்பார் என்பதையும் முதல் நாளே தெரிவிக்கலாம். மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் பேசும் மொழியிலேயே கேள்விகளைக் கேட்கும்படி தயங்காமல் வேண்டலாம்.