நாலு சக்கரத்துக்கும் விசை போயும் வண்டி ஏன் நிற்கிறது?

நாலு சக்கரத்துக்கும் விசை போகும் ஜீப் வகை வண்டியில் ஃபோர் ஹை (சாதாரண வேகத்துக்கான நாலு சக்கர நிலை) போட்டாயிற்று. குறுக்குப் பள்ளத்தில் இறங்கியதும் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் சுற்றுகின்றன; தரையில் நிற்கும் மற்ற இரண்டும் அசையவில்லை. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. இன்ஜின் விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் அச்சையும் பின் அச்சையும்தான் இணைக்கிறது. ஒவ்வொரு அச்சின் நடுவிலும் உள்ள டிஃபரென்ஷியல், அதாவது இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி, பூட்டப்படாமல் திறந்தே இருக்கிறது. அது இரண்டு பக்கத்துக்கும் சமமான டார்க்தான் (சுழற்றும் விசை) கொடுக்கும். காற்றில் சுற்றும் சக்கரத்துக்கு டார்க் தேவைப்படாததால், எதிர்ச் சக்கரத்துக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய பூஜ்யம்.

இதற்கு ஃபோர்ஸ் கூர்க்காவில் இரண்டு அச்சிலும் கையால் போடும் லாக்கர் உண்டு; அது இடது வலது சக்கரங்களை ஒன்றாகச் சுற்றும்படி பூட்டிவிடும். மஹிந்திரா தாரின் சில வேரியன்ட்களில் பின் அச்சு தானாகவே பூட்டிக்கொள்ளும். மாருதி ஜிம்னியில் லாக்கர் கிடையாது. அந்தரத்தில் சுற்றும் சக்கரத்தை வண்டியே பிரேக் பிடித்து, எதிர்ப்பக்கத்துக்கு விசையை அனுப்புகிறது.

பிரேக்கை நம்பும் வண்டிகளில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள். சக்கரம் சுற்றுவதை சென்சார் பார்த்தால்தானே பிரேக் பிடிக்கும்? காலை ஒரே அளவில், இரண்டு மூன்று நொடி அப்படியே வைத்திருங்கள். அடியிலிருந்து ‘கரகர’வென்று, பிரேக்கை இயக்கும் ஏபிஎஸ் பம்ப் சத்தம் வரும், பிறகு வண்டி மெல்ல நகரும். கையால் போடும் லாக்கர் என்றால் பள்ளத்துக்கு முன்பே, வண்டி நிற்கும்போது போட்டுவிட வேண்டும். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது போட்டால் லாக்கரின் பல் உடையலாம். முன் லாக்கர் விழுந்ததும் ஸ்டீயரிங் கனக்கும், தாண்டியவுடன் எடுத்துவிடுங்கள்.

வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் ஃபோர் லோவுக்கு வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து மாற்றுங்கள். லீவர் விழவில்லை என்றால் உள்ளே கியர் பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கின்றன. ஓர் அடி உருட்டிவிட்டு மறுபடி போட்டால் விழும். ஜிம்னியில் ஃபோர் லோ டார்க்கை ஏறக்குறைய 2 மடங்காக்கும். செங்குத்து இறக்கத்திலும் ஃபோர் லோ முதல் கியர்தான், கிளட்சில் கால் வைக்கவே கூடாது.

தார் ரோட்டில் ஃபோர் ஹை போட்டு ஓட்டாதீர்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். முன் பின் அச்சுகளுக்கு நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசம் ஷாஃப்டுகளில் முறுக்காகச் சேர்ந்து, லீவர் வெளியே வராமல் இறுகிவிடும். சில மீட்டர் நேராக ரிவர்ஸ் எடுத்தால் தளரும்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் டயரில் காற்று முழுசாக இருந்தால் மணலில் வண்டி புதையும். சேறு, கற்பாதை என்றால் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), மணலுக்கு 15 முதல் 16. காற்று இறங்கும்போது டயர் அகலத்தைவிட நீளவாக்கில்தான் அதிகம் தரையில் படியும். பிடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. அந்த அழுத்தத்தில் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். மறுபடி காற்று நிரப்ப கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்க வேண்டாம்.

ஓடையில் இறங்குமுன் சில நிமிடம் நிறுத்தி வையுங்கள். சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே காற்று சுருங்கி, ப்ரீதர் (அச்சுக்குள் காற்று போய்வரும்) குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் டிஃபரென்ஷியலில் எண்ணெய் ஊற்றும் ஃபில்லர் போல்டைக் கழற்றி விரலால் தொட்டுப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் எண்ணெய் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அன்றைக்கே மாற்ற வேண்டும்.