கான்சஸ் சிட்டியில் இரண்டு நாள்: சாட்செல் பெய்ஜைத் தேடிப் போன கதை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத்தான் செயின்ட் லூயிஸில் அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். இடுப்பு வலி இன்னும் விடவில்லை. ஆனாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் ஆசை. ஆனால் நடுநடுவே பேஸ்பால் வந்து இழுத்துக்கொண்டு போகும், இப்போதே சொல்லிவிடுகிறேன். சாட்செல் பெய்ஜ் அந்தக் காலத்துக் கறுப்பினப் பேஸ்பால் பிட்ச்சர், அதாவது பந்து வீசுகிறவர்.

திருச்சியில் வளர்ந்தவனுக்குப் பேஸ்பால் எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், அக்கா மகன்தான் காரணம். பதினொரு வயது. இங்கே வந்த முதல் வாரமே என்னை கார்டினல்ஸ் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். மைதானத்துக்கு வெளியே வரிசையாகச் சிலைகள். அதில் ஒன்றைக் காட்டி, "மாமா, இவர் சுவிட்சை அணைத்துவிட்டு, அறை இருட்டாவதற்குள் கட்டிலில் படுத்துவிடுவாராம்" என்றான். அவர் பெயர் கூல் பாப்பா பெல். அன்று முழுக்க வீட்டில் சுவிட்சைப் போட்டு அணைத்து, கட்டிலில் தாவிக்கொண்டே இருந்தான்.

பெல்லைப் பற்றித் தேடிப் படித்தேன். 1922-ல் இதே ஊர் ஸ்டார்ஸ் அணியில் தொடங்கியவர். இருபது வருடத்துக்கு மேல் ஆடியிருக்கிறார். கறுப்பர் என்பதால் மேஜர் லீகில், அதாவது அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் போட்டியில், ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. ஆடுவதை விட்ட பிறகு செயின்ட் லூயிஸ் நகராட்சிக் கட்டடத்தில் இரவுக் காவல் பார்த்திருக்கிறார். 1974-ல் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான கௌரவ மண்டபத்தில், சேர்த்தார்கள். இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் கான்சஸ் சிட்டியில் இருக்கிறது என்று அத்தான் சொன்னார். அடுத்த வாரமே கிளம்பிவிட்டேன். (ஒரு விஷயம்: நான் சொல்கிற கான்சஸ் சிட்டி இருப்பது மிசௌரி மாநிலத்தில். டிக்கெட் போடும்போது கவனம்.)

பேருந்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரயில் இருக்கிறது, ஆனால் நான் பார்த்த நாளில் விலை ஏறிக் கிடந்தது. 20 டாலர் மிச்சம் என்று பேருந்தில் போட்டேன். 48 டாலர், நம் பணத்தில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். ஆறரைக்குக் கிளம்ப வேண்டியது ஒன்பதுக்குக் கிளம்பியது. ஏன் தாமதம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. உள்ளே ஏசி வேலை செய்யவில்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. யாராவது உள்ளே போனால் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி குலுங்கும்போது கதவு படீரென்று திறக்கும். எனக்கு வாய்த்தது அதற்கு முந்தைய இருக்கை. நானூறு கிலோமீட்டர் தூரம் அந்த வாடையோடு வந்தேன். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிற சாதாரண அரசுப் பேருந்து இதைவிட நூறு மடங்கு மேல். பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை.

மறுநாள் காலை அருங்காட்சியகம். டவுன்டவுனில் ட்ராமுக்குக் கட்டணமே கிடையாது, அது பெரிய நிம்மதி. ஆனால் ட்ராம் 18-வது தெருவும் வைன் தெருவும் சந்திக்கிற இடம் வரை போகாது. கடைசி இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒரு கம்பி வலை. நம் ஊரில் கோழிக்கூண்டுக்கு அடிக்கிற அதே அறுகோண வலை. வலைக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டி மைதானம். அதில் வெண்கலச் சிலைகள் அவரவர் இடத்தில் ஆடிக்கொண்டு நிற்கின்றன. வலைக்கு இந்தப் பக்கம், நம்மோடு நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இந்த ஊர் மோனார்க்ஸ் அணியில் ஆடிய பக் ஓ'நீலின் சிலை. நாம் உள்ளே போக முடியாது. மொத்தக் கூடத்தையும் சுற்றி வந்தால்தான் வழி திறக்கும். அந்தக் காலத்தில் கறுப்பர்களை மைதானத்தில் இப்படித்தான் வலைக்குப் பின்னால் உட்கார வைத்தார்களாம். வலையில் விரலை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அறிவிப்புப் பலகை எதுவும் தேவைப்படவில்லை.

1920 பிப்ரவரி 13 அன்று, இங்கிருந்து கொஞ்சம் நடந்தால் வருகிற ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரூப் ஃபாஸ்டர் அணி உரிமையாளர்களைக் கூட்டி, கறுப்பர் அணிகளுக்கான நீக்ரோ நேஷனல் லீகைத் தொடங்கினார். அன்றைய வழக்கப்படி வைத்த பெயர், அருங்காட்சியகமும் அதையே வைத்திருக்கிறது. அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தேன், பூட்டியிருந்தது.

உள்ளே என்னைப் பிடித்து நிறுத்தியது விளக்குக் கதை. கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியின் உரிமையாளர் ஜே.எல். வில்கின்சன் 1930-ல் லாரிகளில் மடக்குக் கம்பங்களையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ராத்திரி ஆட்டம் நடத்தியிருக்கிறார். வேலைக்குப் போகிறவர்கள் பகலில் வர முடியாதே, கூட்டம் வேண்டும் என்றால் ராத்திரிதான். மேஜர் லீகில் முதல் இரவு ஆட்டம் நடந்தது 1935-ல், சின்சினாட்டியில். ஐந்து வருடம் பிந்தி.

விளக்கோடு பேருந்தும் போனது. ஒரு ஊரில் பகலில் ஆடி, ராத்திரி வேறு ஊரில் ஆடி, இடையில் வண்டியிலேயே தூங்கியிருக்கிறார்கள். ஹோட்டலில் அறை தர மாட்டார்கள், சாப்பாட்டுக் கடையில் உட்கார விட மாட்டார்கள். 1945-ல் மோனார்க்ஸில் ஒரே ஒரு சீசன் ஆடினார் ஜாக்கி ராபின்சன். பக் ஓ'நீல் சொல்லும் ஒரு சம்பவம்: ஓக்லஹோமாவில் வழக்கமாக நிறுத்துகிற பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது. ராபின்சன் கழிப்பறைக்குப் போனார். அங்கே போகக் கூடாது என்று கடைக்காரர் தடுத்தார். அப்படியானால் பெட்ரோலும் வேண்டாம், குழாயை எடு என்றார் ராபின்சன். அவ்வளவு பெரிய வண்டி, அவ்வளவு பெரிய டாங்க். வியாபாரம் போய்விடும் என்று கடைக்காரர் இறங்கி வந்தார். இரண்டு வருடம் கழித்து 1947 ஏப்ரல் 15 அன்று அதே ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக, நவீன மேஜர் லீகின் முதல் கறுப்பராக இறங்கினார். பத்து சீசன், 1949-ல் சிறந்த ஆட்டக்காரர் விருது. அவருடைய 42 என்ற எண்ணை இன்று எந்த அணியும் புதிதாக யாருக்கும் தருவதில்லை.

ஆனால் எனக்கு மனசு ஆறாதது ஜாஷ் கிப்சன் விஷயத்தில். கேட்ச்சர், அதாவது விக்கெட் கீப்பர் மாதிரி மட்டைக்குப் பின்னால் இருக்கிறவர். அசுரத்தனமாக அடிக்கிறவர். ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம்கூட இல்லாத நிலையில், 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். 2024-ல்தான் மேஜர் லீக் நிர்வாகம் கறுப்பர் லீக்குகளில் ஆடியவர்களுடைய கணக்கையும் தன் ஏட்டில் சேர்த்தது. சேர்த்த உடனே, ஏறக்குறைய நூறு வருடமாக டை காப் என்ற பழைய ஆட்டக்காரர் பெயரில் இருந்த வாழ்நாள் மட்டைச் சராசரி சாதனை கிப்சன் கைக்கு வந்தது: .372. ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 372 ஹிட், அதாவது அத்தனை முறை பந்தை அடித்துப் பத்திரமாக ஓடிச் சேர்ந்தார் என்று அர்த்தம். 77 வருடம் கழித்து. எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் அடித்தது அன்றும் அதே அடிதானே.

அப்புறம் சாட்செல் பெய்ஜ். நான் போனதே இவருக்காகத்தான். 1906-ல் அலபாமாவில், மொபைல் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். 1926-ல் சட்டனூகாவில் தொடக்கம், பிறகு பர்மிங்காம், பிட்ஸ்பர்க். 1937-ல் டொமினிகன் குடியரசுக்குப் போய் சர்வாதிகாரி ட்ருஹியோவின் அணிக்கு ஆடினார். அடுத்த வருடம் மெக்சிகோவில் கை போயிற்று. தோளைத் தூக்கவே முடியவில்லை. ஆட்டம் முடிந்தது என்று எல்லாரும் கைவிட்ட நேரத்தில் வில்கின்சன்தான் ஊர் சுற்றுகிற தன் இரண்டாம் அணியில் இடம் கொடுத்தார். பெயருக்காகக் கூட்டம் வரும் என்றுதான் எடுத்தார். 1939-ல் ஒரு நாள் கை திரும்ப வந்துவிட்டது!

1942 இறுதித் தொடரில் பெய்ஜ் மோனார்க்ஸில், எதிரணியில் கிப்சன். பெய்ஜ் வேண்டுமென்றே முன்னால் வந்தவர்களை அடிக்காமலேயே பேஸுக்கு (ஓடிப் போய் நிற்கிற இடம்) நடக்க விட்டு, மூன்று பேஸிலும் ஆள் நிறைந்த பிறகு கிப்சனை வரவழைத்து, மூன்றே பந்தில் அவுட்டாக்கி அனுப்பினார் என்பது முதல் பேஸில் நின்ற பக் ஓ'நீல் வாழ்நாள் முழுக்கச் சொன்ன கதை. மேஜர் லீகில் இறங்கியது 1948-ல், கிளீவ்லண்டில், 42 வயதில். முதன்முதலில் அவர் தொடக்கப் பிட்ச்சராக வந்த ஆட்டத்துக்கு 72,000 பேருக்கு மேல் வந்தார்கள். அந்த வருடம் ஆறு வெற்றி, ஒரே தோல்வி. 1971-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கும்போதுகூட முதலில் தனிப் பிரிவில் வைக்கப் பார்த்தார்கள். ஊரே சத்தம் போட்ட பிறகுதான் மற்றவர்களோடு வைத்தார்கள். வெட்கக்கேடு.

டோனி ஸ்டோன் என்ற பெண் 1953-ல் இண்டியானாபொலிஸ் அணியிலும் அடுத்த வருடம் மோனார்க்ஸிலும் ஆண்களோடு ஆடியிருக்கிறார். அவருக்கு இன்னும் பெரிய இடம் ஒதுக்கியிருக்கலாம்.

மூன்று மணி நேரம் கழித்து அந்தக் குட்டி மைதானத்துக்குள் விட்டார்கள். பிட்ச்சர் மேட்டில் பெய்ஜ், இடது காலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு. மட்டைக்குப் பின்னால் கிப்சன் குந்தியிருக்கிறார். வெளியே பெல். பெய்ஜின் விரல்களைத்தான் அதிக நேரம் பார்த்தேன். நீளமான விரல், பந்து அதில் எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறது. பக் ஓ'நீல் சிலை மட்டும் அந்தப் பக்கம், வலைக்கு வெளியே. 1962-ல் மேஜர் லீகின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் ஆனவர், இந்த அருங்காட்சியகம் எழுந்து நிற்கக் காரணமானவர். 2006-ல் இந்த லீக்குகளைச் சேர்ந்த 17 பேரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், அவருக்கு மட்டும் வாக்கு போதவில்லை. அப்படியும் அந்த விழாவுக்குப் போய், இறந்துபோன மற்றவர்களுக்காகப் பேசி, மேடையில் இருந்தவர்களையும் கூட்டத்தையும் கைகோத்துப் பாட வைத்துவிட்டு வந்தார். அக்டோபரில் இறந்தார், 94 வயது. அவரைச் சேர்த்தது 2022-ல்.

பசி உயிர் போனது. புரூக்ளின் அவென்யூவில் ஆர்தர் பிரையன்ட்ஸ் கடைக்கு நடந்தேன். வரிசையில் நின்று, ஜன்னலில் சொல்லி, தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். மாட்டுக்கறியின் கருகிய ஓரத்துண்டுகள், கீழே இரண்டு ரொட்டி. வெளியே மொறுமொறுவென்று புகை வாசம், உள்ளே வெண்ணெய் மாதிரி கரைகிறது. சாஸ் இனிப்பாக இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். இல்லை, புளிப்பும் காரமுமாக, நாக்கில் மிளகாய்ப்பொடி நறநறவென்று படுகிறது. 20 டாலர் கொடுத்தபோது கை நடுங்கியது, ஆனால் ஒரு தட்டு இரண்டு வேளைக்கு வந்தது. இந்தப் பயணத்தில் ஒரு பைசாகூட வீண் என்று தோன்றாத செலவு இது ஒன்றுதான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மோனார்க்ஸ் ஆடிய பழைய முனிசிபல் ஸ்டேடியம் இருந்தது. 1976-ல் இடித்துவிட்டார்கள். இப்போது வீடுகள், புல்வெளி, சில விவரப் பலகைகள். 1965 செப்டம்பர் 25 அன்று, 59 வயது பெய்ஜ் இங்கே கான்சஸ் சிட்டி ஏ'ஸ் என்ற மேஜர் லீக் அணிக்காகப் பாஸ்டனுக்கு எதிராகப் பந்து வீசினார். விளம்பரத்துக்காக ஓரத்தில் ஆடுநாற்காலி போட்டு, பக்கத்தில் நர்ஸ் ஒருத்தரையும் நிறுத்தியிருந்தார்கள். அவர் மூன்று இன்னிங்ஸ் வீசினார், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஹிட் அடித்தது யாஸ்ட்ரெம்ஸ்கி ஒருவர்தான். பெய்ஜ் வெளியேறியதும் மைதான விளக்குகளை அணைத்தார்கள். கூட்டம் தீக்குச்சி கொளுத்திப் பிடித்துக்கொண்டு பாடியது. அந்தப் புல்லில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன், நாயோடு நடந்து போன ஒரு பெரியவர் கையசைத்துவிட்டுப் போனார்.

பெய்ஜின் கல்லறை ஃபாரஸ்ட் ஹில்லில் இருக்கிறது. நடக்கிற தூரம் இல்லை. ஒரு டாக்சிக்காரரிடம் போய்வர 30 டாலர் என்று பேசி ஏறினேன். இறங்கும்போது காத்திருந்ததற்கு என்று 52 கேட்டார். பேசியபோதே காத்திருப்பும் சேர்த்துத்தான் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். வாக்குவாதம் செய்து 45-ல் முடிந்தது. அந்த 15 டாலரை நினைத்தால் இப்போதும் எரிகிறது. மோனார்க்ஸ் மைதானத்தைப் பார்த்தாயிற்று, இப்போது இந்த ஊரில் இருக்கிற ராயல்ஸ் அணியின் ஆட்டத்தையும் பார்க்கலாம் என்றிருந்தேன். அந்த மைதானம் ஊருக்கு வெளியே, கார் இல்லாதவனுக்குப் போக்குவரத்துச் செலவே டிக்கெட்டைத் தாண்டும். விட்டுவிட்டேன்.

ஆனால் கல்லறைக்குப் போனதற்கு வருத்தம் இல்லை. கல்லின் மேல் யாரோ மூன்று பழைய பந்துகளை வைத்திருந்தார்கள். ஒன்றின் தையல் பிரிந்து, மழையில் ஊறித் தோல் கறுத்திருந்தது. அருங்காட்சியகத்துக் கடையில் மருமகனுக்கு ஒரு மோனார்க்ஸ் தொப்பி வாங்கியிருந்தேன், 35 டாலர். அதை எடுத்து ஒரு நிமிடம் அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதி முடிப்பதற்குள் ராத்திரி ஆகிவிட்டது. சாப்பிடும்போது அவனிடம் 1965 ஆட்டத்தைச் சொன்னேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு ஹாலில் நின்று, சுருட்டிய சாக்ஸை என்னைப் பார்த்து வீசத் தொடங்கினான். மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் அவனே போய் விளக்கை அணைத்தான். அக்கா தீப்பெட்டி தர மாட்டேன் என்றுவிட்டாள். அத்தான் செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தார்.