பங்குனியில் பள்ளிக்கரணை: இறகு மாறும் பறவைகளைப் பார்த்துப் பழகுதல்

மார்கழி, தையில் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கூட்டம் கூட்டமாகப் பறவை இருக்கும். ஆனாலும் எனக்குப் பிடித்த மாதம் பங்குனிதான். வலசை வந்தவை ஊர் திரும்புமுன் இறகு மாறும் காலம் இது. அந்த மாற்றத்தை இனம் பிரித்துப் பழகுவதுதான் இந்தப் பருவத்துக்கு நான் எடுத்துக்கொண்ட வேலை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு வேளச்சேரி–தாம்பரம் சாலைப் பக்கம் போய் நின்றேன். சதுப்பு நிலத்தின் மேற்கு ஓரம் அது. மதியத்துக்கு மேல் வெயில் நம் முதுகில் விழும், பறவை மேல் நேராக வெளிச்சம் படும். காலையில் இதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். மழைக்காலத்தில் நிரம்பிய தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக வடிந்தது போக, மிச்சமும் வற்றிக்கொண்டிருந்தது. சம்புப் புதரை ஒட்டிச் சேறு திட்டுத்திட்டாக வெளியே வந்துவிட்டது. ஆழம் குறையக் குறைய, பரந்து கிடந்த பறவைகள் மிஞ்சிய தண்ணீரில் நெருங்கி வந்துவிடும். நமக்கு வசதி.

முதலில் நீலச்சிறகி. இந்த வாத்து வந்து இறங்கும் புதிதில் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பு, பிரித்துச் சொல்வது பெரும்பாடு. இப்போது ஆணின் கண்ணுக்கு மேலிருந்து பிடரி வரை வெள்ளைப் பட்டை ஒன்று வளைந்து இறங்குகிறது. தொலைநோக்கி இல்லாமலே தெரியும். ஒரு ஆண் தலையைப் பின்னால் சாய்த்து முதுகைத் தொட்டது, நிமிர்ந்தது, மறுபடி சாய்த்தது. பக்கத்திலிருந்த பெண் மேய்ந்துகொண்டே இருந்தது. ஜோடி சேர்வது இங்கேயே தொடங்கிவிடுகிறது. முட்டையிடுவதோ இமயத்துக்கு வடக்கே எங்கோ. அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றுவிட்டேன்.

நீண்ட அலகுள்ள கரைப்பறவைகளான கருவால் மூக்கன்களுக்கு நோட்டில் ஒரு முறை வைத்திருக்கிறேன்: கழுத்து நிறத்தை ‘சாம்பல்’, ‘திட்டு’, ‘செங்கல்’ என்று மூன்றாகப் பிரித்து எண்ணுவது. அன்றைக்குப் பாதிக்கு மேல் ‘திட்டு’. முழுச் செங்கல் நிறத்துக்கு வந்தவை ஓரிரண்டே. அலகை முகம் வரை சேற்றில் இறக்கி, தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே நகர்ந்தன. தலை நிமிரும் ஒரு நொடியில் கழுத்தைப் பார்த்துவிட வேண்டும். எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் இந்த மூன்று பிரிவு நன்றாகவே வேலை செய்கிறது.

மீசை ஆலாக்களில் சிலவற்றுக்கு வயிறு கரியாக இருண்டு, கன்னம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிட்டது. நெடுங்கால் உள்ளான், நாமக்கோழி, தாழைக்கோழி எல்லாம் வழக்கம்போல்.

ஐந்து மணிவாக்கில் யாரோ ட்ரோன் பறக்கவிட்டார்கள். அத்தனை வாத்தும் ஒரே வீச்சில் எழும்பி, சுற்றிச் சுற்றி, அமர நெடுநேரமானது. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க இவை கொழுப்பு சேர்க்கும் வாரங்கள் இவை. ஒவ்வொரு தடவை கிளப்பிவிடும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது. 2007இல் காப்புக்காடாகி, 2022இல் 1,247 ஹெக்டேருக்கு மேல் ராம்சார் தலமும் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்) ஆன இடம். குப்பை மேட்டையும் கட்டடங்களையும் தாங்கி மிஞ்சியிருக்கும் இந்தத் தண்ணீரிலாவது அவற்றை நிம்மதியாக மேய விடலாம். படம் வேண்டுமென்றால் சாலையோரத்தில் நின்றே எடுக்கலாம், லென்ஸ் எட்டும் தூரம்தான்.

பறவைப் பட்டியல்களைப் பதியும் இ-பேர்டு தளத்தில் பட்டியல் ஏற்றும்போது மூக்கன் கணக்கைக் குறிப்புப் பகுதியில் தனியாகச் சேர்த்தேன். சித்திரை பிறப்பதற்குள் இன்னொரு மாலை போய் ‘செங்கல்’ எத்தனை கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீளவால் இலைக்கோழிக்கு வால் இன்னும் முழுதாக நீளவில்லை. அதற்கு ஆனி வரை காத்திருக்கிறேன்.